மூன்று சென்ரிமீற்றர் குறைந்த மீன்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் இருந்தவன் நான். அந்தக் காலத்தில் கடற்றொழிலாளர்களைப் பற்றி எத்தனை செய்திகள், எத்தனை தலையங்கங்கள் எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. 1980களின் நடுப்பகுதியில் வந்த கடல் தடைகள், பாஸ் நடைமுறை, அறுக்கப்பட்ட வலைகள், திரும்பி வராத வள்ளங்கள் என்று எல்லாவற்றையும் எழுதியாயிற்று. ஆனால், கரை கண்ணுக்கு மறையும் தூரத்துக்கு ஒரு மீன்பிடிப் படகில் ஒருநாளாவது போனவனல்லன். எனது கடல், கரையில் முடிந்துவிடும் கடல். வாடிகளில் உட்கார்ந்து தேநீர் குடித்து, குறிப்புப் புத்தகத்தை நிரப்பிக்கொண்டு, மாலை பஸ்ஸில் அலுவலகம் திரும்பியவன்.

இதை என்னிடம் நேரடியாகக் கேட்டவர் ஒரேயொருவர்தான். பருத்தித்துறைப் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர். "தம்பி, நீங்கள் ஒருக்காலாவது கடலுக்குப் போனனீங்களோ?" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். அவரும் சிரித்துவிட்டு வலையைக் குனிந்து பார்த்தார். அந்தச் சிரிப்பு என்னுடன் நெடுங்காலம் வந்தது.

கடைசியில் நான் கடலுக்குப் போனது பருத்தித்துறையிலிருந்து அல்ல, சிட்னியிலிருந்து. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் ஒருநாள், "மாமா, சனிக்கிழமை ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறோம். உங்களுக்கும் இடம் பதிந்துவிட்டேன்" என்றார். தூண்டில், இரை, வழிகாட்டி எல்லாமே படகுக்காரருடையவை. பணத்தைக் கட்டிவிட்டுப் போய் நின்றால் போதும். எதுவுமே தெரியாதவர்களுக்கென்றே நடத்தப்படும் பயணம் அது. ஒருவருக்கான கட்டணத்தை மருமகன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அந்தப் பணத்துக்கு ஊர்ச் சந்தையில் எவ்வளவு மீன் வாங்கலாம் என்று நான் கணக்குப் போடுவேன் என்பது அவருக்குத் தெரியும். போட்டேன்.

விடிவதற்கு முன்னரே இறங்குதுறையில் பத்துப் பேர் நின்றோம். ஒரே கட்டிடத் தளத்தில் வேலை செய்யும் நால்வர், ஒரு சீனத் தந்தையும் மகனும், ஒரு புதுமணத் தம்பதி, நாங்கள் இருவர். படகோட்டிக்கு அறுபது வயதிருக்கும். அவருக்கு உதவியாக இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னர் படகோட்டி எங்கள் எல்லோரையும் நிறுத்தி, உயிர்காப்பு அங்கிகள் எங்கே இருக்கின்றன, அவற்றை எப்படி அணிவது, படகு கவிழ்ந்தால் எங்கே கூடுவது, அபாய சமிக்ஞை அனுப்பும் கருவி எது என்றெல்லாம் காட்டினார். பின்னர் தலைகளை எண்ணி வானொலியில் எவருக்கோ அறிவித்தார். "பத்துப் பயணிகள், இரண்டு பணியாளர்கள்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சற்று மனம் கனத்தது. நம்முடைய கரைகளிலிருந்து எத்தனை பேர், தாங்கள் போவதை மனைவிக்கும் பக்கத்து வாடிக்காரனுக்கும் தவிர வேறெவருக்கும் அறிவிக்க வழியின்றிப் போயிருக்கிறார்கள்!

துறைமுகத்தின் வாயிலில் இரண்டு பெரும் பாறை முனைகள். அவற்றைத் தாண்டும்வரை நான் என்னைக் கடலோடி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். தாண்டியதும் பசுபிக் சமுத்திரத்தின் நெடிய அலை படகைத் தூக்கி மெல்ல இறக்கியது. மீண்டும் தூக்கியது. குமட்டலுக்கான மாத்திரையை முதல்நாள் இரவே போட்டிருக்க வேண்டுமாம். நான் படகில் ஏறியபின் போட்டேன். அது வேலை செய்யத் தொடங்குமுன்னரே என் வயிறு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அந்தப் பெண் என்னை அறைக்குள்ளிருந்து வெளியே அழைத்து வந்து, பின்புற விளிம்பருகே நிறுத்தி, கையிலிருப்பதைப் பார்க்காமல் அடிவானத்தையே பார்க்கும்படி சொன்னாள். காற்று முகத்தில் பட்டபின் சற்றுத் தேறினேன். புதிதாகப் போக நினைக்கும் அன்பர்களுக்கு இதைமட்டும் சொல்லி வைக்கிறேன்: அறைக்குள் போய்ப் படுக்க வேண்டாம்.

மீன் பிடிக்கும் முறை பார்வைக்கு எளியது. நரம்பின் நுனியில் ஓர் ஈயக்குண்டு. அதற்குச் சற்று மேலே இரண்டு கிளை நரம்புகளில் இரண்டு தூண்டில் முட்கள். அவற்றில் கணவாய்த் துண்டும் சாளைத் துண்டும். படகோட்டி ஒலியலைக் கருவியின் திரையைப் பார்த்து, அடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்துக்கு மேற்புறமாகப் போய் இயந்திரத்தை நிறுத்துவார். படகு காற்றோடு திட்டின்மேல் மிதந்து செல்லும். நாங்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்று நரம்பை விடுவோம். குண்டு அடியைத் தொட்டதும் நரம்பு தளரும். உடனே இரண்டு சுற்றுச் சுற்றி நரம்பை இறுக்க வேண்டும். திட்டைக் கடந்ததும், "மேலே எடுங்கள்" என்று குரல் வரும். எல்லோரும் சுற்றி எடுத்ததும் படகு திரும்பவும் தொடங்கிய இடத்துக்குப் போகும். இப்படியே காலை முழுவதும்.

இதில் அறிவு முழுவதும் படகோட்டியின் தலையில் இருக்கிறது. எங்களிடம் இருந்தது கைகள் மாத்திரமே. திரையைப் பார்க்காமல் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துப் பாறையைக் கண்டுபிடிக்கும் மனிதர்களை நான் வடமராட்சியிலும் திருகோணமலையிலும் சந்தித்திருக்கிறேன். அவர்களது அந்த அறிவை நான் ஒரு வரியில் எழுதிக் கடந்து போயிருக்கிறேன். அது எத்தனை பெரிய வித்தை என்பது, என் தூண்டிலில் முக்கால் மணி நேரமாக ஒன்றுமே அகப்படாதபோதுதான் உறைத்தது. அகப்படவில்லை என்பதுகூடச் சரியல்ல. நம் ஊர்க் கிளாத்தியின் உறவான ஒரு மீன் இரையை நேர்த்தியாகத் தின்றுவிட்டு, இரண்டு முறை நரம்பையும் கடித்துத் துண்டித்தது.

பிறகு ஒரு தட்டல். பிறகு உண்மையான இழுப்பு. "வெட்டி இழுக்காதீர்கள், தடியை உயர்த்துங்கள், தாழ்த்தும்போது சுற்றுங்கள்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கை நோக நோகச் சுற்றினேன். இளஞ்சிவப்பு உடம்பில் நீலப் புள்ளிகள் மின்ன ஒரு மீன் மேலே வந்தது. ஸ்னப்பர் என்றார்கள். எழுபது வயதுக்காரன் குழந்தையைப் போலக் கூவினேன் என்று மருமகன் பின்னர் வீட்டில் சொன்னார். மறுக்கவில்லை.

அந்தப் பெண் மீனை ஈரத் துணியால் பற்றி, விளிம்பில் ஒட்டப்பட்டிருந்த அளவுகோலில் வைத்தாள். வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை இருபத்தேழு சென்ரிமீற்றர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஸ்னப்பர் குறைந்தது 30 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 10 மீனுக்குமேல் வைத்திருக்கவும் கூடாது. கிங்பிஷ் என்றால் 65 சென்ரிமீற்றர், 5 மீன். அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்ததில் மீனின் காற்றுப்பை உப்பியிருந்தது. அப்படியே விட்டால் மிதந்து கடற்பறவைக்கு இரையாகும். ஒரு சிறிய பாரத்தை மீனின் வாயில் கொளுவி அதை ஆழத்துக்கு இறக்கினாள். நரம்பைச் சுண்டியதும் பாரம் கழன்று வந்தது, மீன் போயிற்று.

மூன்று சென்ரிமீற்றருக்காக இவ்வளவு பாடா என்று முதலில் தோன்றியது. அடுத்த கணம் நினைவு பாக்கு நீரிணைக்குப் போய்விட்டது.

அங்கே இழுவை மடி அடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது. அதற்கு அளவுகோல் கிடையாது. முட்டையிட்ட மீன், முட்டையிடாத மீன், குஞ்சு, பாசி, சிப்பி எல்லாம் ஒன்றாகவே மேலே வரும். போர்க்காலத்தில் வடக்கின் கடற்றொழிலாளர் கரையில் முடக்கப்பட்டிருந்தபோது, வெறுமையாய்க் கிடந்த கடலுக்குத் தமிழகத்தின் இழுவைப் படகுகள் பழகிக்கொண்டன. 2009இல் போர் முடிந்து நம்மவர் மீண்டும் வலை விரித்தபோது, அந்த வலைகள் இரவில் அறுபட்டன. வாரத்தில் மூன்று இரவுகள் வடக்கின் சிறு வள்ளங்கள் கடலுக்கு இறங்கப் பயந்து கிடந்த கதையை நானே எழுதியிருக்கிறேன். 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அந்தச் சட்டம் எல்லை தாண்டி வருபவர்களுக்கு மாத்திரமானதல்ல, குருநகர் போன்ற இடங்களில் நம்மவர் நடத்திய இழுவைப் படகுகளுக்கும் சேர்த்துத்தான். அதே 2017இல், இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டம் தமிழகத்தில் ஆரம்பித்தது. அது எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை.

"ஏழை மீனவன் வேறென்ன செய்வான்?" என்று இந்த விடயத்தில் உடனே ஒரு கேள்வி எழும். வேடிக்கைக்கு மீன் பிடிப்பவன் சிறு மீனைத் திரும்ப விடுவது தியாகமல்ல, அவனது இரவுச் சாப்பாடு அதில் தங்கியில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் தூண்டிலையும் மன்னார்க் கரையில் ஐந்து பிள்ளைகளை வைத்திருப்பவனின் வலையையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் இழுவைப் படகு ஏழையின் படகல்ல. அதை நடத்துவது முதலீடு. அதில் கூலிக்கு ஏறுபவன் ஏழை. அவன் சிறைக்குப் போகிறான், படகு முதலாளி கரையில் இருக்கிறார். இரு கரைத் தமிழரின் பத்திரிகைகளும், நான் எழுதிய பத்திரிகைகள் உட்பட, இந்த வேறுபாட்டைப் போதிய அளவு எழுதவில்லை. ஒரு பக்கம் உணர்ச்சியை எழுதியது, மறுபக்கம் குற்றச்சாட்டை எழுதியது.

அவுஸ்திரேலியாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் வசதியாக இருக்கும். புலம்பெயர்ந்த நம்மவர் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் படகோட்டியுடன் திரும்பும் வழியில் பேசியதும், பின்னர் வீட்டில் தேடி வாசித்ததும் வேறொரு பக்கத்தைக் காட்டின.

அந்த மாநிலத்தில் தூண்டில் போடுபவர்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் தனி நிதியத்துக்குப் போகிறது. 2002இல் அந்த நிதியைக் கொண்டு தொழில்முறை மீனவர்களின் உரிமங்கள் வாங்கப்பட்டு, பொட்டனி விரிகுடா உட்பட 30 நீர்ப்பரப்புகள் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. நட்டஈடு கொடுத்தார்கள், உண்மை. ஆயினும் நடந்தது என்ன? வேடிக்கைக்குப் பிடிப்பவன், பிழைப்புக்குப் பிடிப்பவனை விலைகொடுத்துக் கடலைவிட்டு எழுப்பினான். சிட்னித் துறைமுகத்துக்குள்ளோ வேறு கதை. ஆலைக் கழிவின் டயொக்சின் நஞ்சு மீனில் ஏறியிருந்ததால் 2006இல் தொழில்முறை மீன்பிடி அங்கு முற்றாக நிறுத்தப்பட்டது. இவர்கள் எல்லோருக்கும் முன்னர், அந்த நீரில் மரப்பட்டைத் தோணிகளில் அமர்ந்து, சிப்பி ஓட்டில் செய்த தூண்டிலால் மீன் பிடித்தவர்கள் ஆதிக்குடிப் பெண்கள். அவர்களில் ஒருத்தியான பரங்காருவின் பெயரை இன்று கரையோரத்தில் ஓங்கி நிற்கும் மாடிக் கட்டிடங்களின் பகுதிக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, தோணி இல்லை.

நம் கரைகளுக்கு இது தூரத்துக் கதையல்ல. திருகோணமலையில் கரையை அண்டியே கடல் பாதாளமாக ஆழ்வதால், அதிக தூரம் போகாமலே பெருமீன்களையும் திமிங்கிலங்களையும் காணலாம். வெளிநாட்டவர் அங்கு தூண்டில் தடிகளோடு வரத் தொடங்கி ஆண்டுகளாகிவிட்டன. நாளை மன்னாருக்கும் தீவகத்துக்கும் வருவார்கள். வரட்டும், நான் எதிரியல்லன். ஆனால் அந்தப் படகு யாருடையதாக இருக்கும் என்பதே என் கேள்வி. 1990இல் மயிலிட்டியை விட்டு விரட்டப்பட்ட மக்கள் தங்கள் துறைமுகத்தை மீண்டும் பார்க்க 2017வரை காத்திருந்தார்கள். பாஸ் வாங்கிக் கடலுக்குப் போன மனிதன், கொழும்பிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தின் படகில் பயணிகளுக்கு இரை கொளுவிக் கொடுக்கும் கூலியாளாக முடிவதை நான் வளர்ச்சி என்று எழுத மாட்டேன்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றின் சமாசங்கள் இருக்கின்றன. பயணிகளை ஏற்றும் உரிமம் முதலில் அவற்றுக்கே வழங்கப்பட வேண்டும். உயிர்காப்பு அங்கி, வானொலி, காப்புறுதி ஆகியவற்றுக்கு அரசு கடன் கொடுக்கட்டும். பயணி பிடிப்பதற்கு அளவும் எண்ணிக்கையும் விதிக்கட்டும், விற்கவும் தடை போடட்டும். கரையின் அடையாளம் பார்த்துப் பாறையைக் கண்டுபிடிக்கும் அந்த வித்தைக்கு, வாழ்க்கையில் ஒருமுறையாவது மீன் விலைக்கு மேலான ஒரு விலை கிடைக்கட்டும். சங்கங்களுக்குள் அரசியலும் ஊழலும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. நிறுவனங்களுக்குள்ளும் இருக்கின்றன.

அன்று எனக்கு இன்னும் இரண்டு ஸ்னப்பர்கள் அகப்பட்டன. ஒன்று 34, மற்றது 38. திரும்பும்போது அந்தப் பெண் படகின் பின்புறத்தில் நின்று எல்லோருடைய மீன்களையும் முள்ளில்லாமல் அரிந்து பைகளில் போட்டாள். தலைகளையும் முள்ளையும் கடலில் எறிந்தாள். பறவைகள் கூட்டமாகப் பின்தொடர்ந்தன. என் முறை வந்தபோது, "தலைகள் எனக்கு வேண்டும்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கட்டிடத் தளத்துக்காரர்கள் சிரித்தார்கள். சீனத் தகப்பனார் மட்டும் எழுந்து வந்து, தமது மீன்களின் தலைகளையும் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மகள் தலைகளைப் புளி விட்டுக் குழம்பாக வைத்தாள். சதைத் துண்டுகளை மருமகன் தமது முறைப்படி பொரித்தார். அதை நான் தொடவில்லை.