கராஜ் கதவுக்கு எந்தச் சுவிட்ச்?

கராஜ் கதவுக்கு மோட்டார் பூட்டும்போது, சுவரில் வரும் சுவிட்சை வயரிங் செய்பவரின் விருப்பத்துக்கே விட்டுவிடாதீர்கள்.

விளக்குச் சுவிட்ச் போட்டால் போட்டபடியே நிற்கும். இந்த மோட்டாருக்குத் தேவை பெல் சுவிட்ச். விரலை எடுத்ததும் அது தானே மீண்டுவிடும். ஒருமுறை அழுத்தக் கதவு இறங்கும். மறுபடி அழுத்த நிற்கும், அல்லது மேலே திரும்பும். விளக்குச் சுவிட்சைப் பொருத்தினால், யாரோ கையெடுக்காமல் அழுத்துவதாகவே மோட்டார் கொள்ளும். அவசரத்துக்கு ஒரே தட்டில் கதவை நிறுத்த முடியாது. பல மோட்டார்களில் ரிமோட்டும் வேலை செய்யாது.

சுவிட்சைக் குறைந்தது 5 அடி உயரத்தில், கதவு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பூட்டச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது. அதற்குச் செல்வது குறைந்த வோல்ட் வயர். வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் அதில் சேரவே கூடாது.

அமெரிக்காவில் இத்தகைய கதவின் கீழ் அகப்பட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். அதனால், 1993 முதல் அங்கு தயாராகும் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள் சட்டப்படி கட்டாயமாயின. எந்த ஏற்பாடு இருந்தாலும், கதவு முழுதாக மூடும்வரை நின்று பாருங்கள்.