ராஜாவின் அங்கியில் பல்லி

ஆபீஸ் நண்பர் ஒருவர் மத்தியான டிபன் டப்பாவை மூடிவிட்டுப் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். ரம்மிக்குத்தான் கூப்பிடுகிறார் என்று ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மனுஷன் ஒரு சீட்டை நீட்டி, "சார், இந்தப் பல்லிக்கு என்ன பலன்?" என்றார்.

பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் எல்லாம் போட்டிருக்கிறது. ஒரு ராஜாவின் அங்கி முழுக்க விழுந்திருந்தால் என்ன பலன் என்று மட்டும் போடவில்லை. பார்த்தால், அது டாரட் சீட்டு. மச்சினி பரிசாகக் கொடுத்தாளாம். நண்பருக்கு ஐந்து வருஷமாக ப்ரமோஷன் வரவில்லை. அந்தக் கவலையில் பரிசைப் பிரித்துவிட்டார்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். டாரட் கட்டில் 78 சீட்டுகள். 22 பெரிய சீட்டுகள் (மரணம், சூரியன், சந்திரன் இத்யாதி). மிச்சம் 56-ம் நம்முடைய சீட்டுக்கட்டுக்குப் பெரியப்பா பிள்ளைகள். கோல், கோப்பை, வாள், காசு என்று நாலு வகை. ஒவ்வொரு வகையிலும் ராஜா, ராணி, குதிரை வீரன், சேவகப் பையன். ஆக, அரசவை ஆசாமிகள் 16 பேர். (நம் கட்டில் குதிரை வீரன் கிடையாது. மூன்று பேரை வைத்தே கடையை நடத்துகிறோம்.) 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இந்தக் கட்டு பிறந்தது விளையாடுவதற்குத்தான். ஜோசியம் ஒட்டிக்கொண்டது 18-ம் நூற்றாண்டில்.

நண்பர் கையில் இருந்தது 1909-ல் லண்டனில் ரைடர் என்ற புத்தகக் கம்பெனி வெளியிட்ட கட்டின் மறுபதிப்பு. யோசனை, ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருடையது.

இப்போது பல்லி. அது பல்லியே இல்லை. சாலமாண்டர். நெருப்பில் போட்டாலும் சாகாது என்று ஐரோப்பாவில் பழைய காலத்தில் நம்பினார்கள். இந்தக் கட்டில் கோலுக்கு நெருப்பு, கோப்பைக்குத் தண்ணீர், வாளுக்குக் காற்று, காசுக்கு மண். அதனால் கோல் ராஜா உடம்பில் சாலமாண்டர். கோப்பை ராஜா கழுத்தில் மீன் பதக்கம், சிம்மாசனமே கடல் நடுவில். வாள் ராஜாவின் ஆசனத்தில் வண்ணத்துப்பூச்சி. காசு ராஜாவின் ஆசனத்தில் காளைத் தலை, அங்கியில் திராட்சைக் கொத்து. இது தெரிந்துவிட்டால் பாதி சீட்டு படித்த மாதிரி.

"அப்ப இது?" என்று நண்பர் தனக்கு வந்த சீட்டைக் காட்டினார். காசு வகையின் குதிரை வீரன்.

இங்கேதான் இரண்டாவது பாடம். எந்தச் சீட்டையும் தனியாகப் பார்க்கக் கூடாது. அண்ணன் தம்பிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். நாலு குதிரை வீரர்களையும் மேஜையில் வரிசையாக வைத்தோம். வாள்காரனின் குதிரை நாலுகால் பாய்ச்சலில் பறக்கிறது, பின்னால் மரமெல்லாம் காற்றில் வளைகிறது. கோல்காரனின் குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கோப்பைக்காரனின் குதிரை கல்யாண ஊர்வலம் மாதிரி மெல்ல நடக்கிறது. நண்பருடைய குதிரை?

அசையவே இல்லை. கனத்த கறுப்புக் குதிரை, நாலு காலும் தரையில். பின்னால் உழுது போட்ட வயல்.

"அஞ்சு வருஷமா இங்கேயேதான் சார் நிக்கறேன்" என்றார் நண்பர்.

"வயலைப் பாருங்க சார். உழுதிருக்கு. சும்மா நிக்கலை" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, படத்தில் அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. கையில் காசை ஏந்தியிருக்கிறான், பார்வை மட்டும் அதைத் தாண்டி எங்கேயோ போகிறது. அவன் தன் காசைப் பார்க்கவில்லை என்று வெயிட்டே தன் விளக்கப் புத்தகத்தில் குறித்திருக்கிறார்.

ஜோசியம் பலிக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் படம் பார்க்கத்தான் தெரியும்.

மூன்றாவது பாடம், எல்லாப் புள்ளியிலும் ரகசியம் தேடக் கூடாது. நம் ரம்மிக் கட்டின் ஆர்ட்டின் ராஜாவைப் பாருங்கள். வாளைத் தன் தலையிலேயே குத்திக்கொள்கிற மாதிரி இருப்பார். இதற்குக் காதல் தோல்வி என்று கதை கட்டியவர்கள் உண்டு. உண்மை ரொம்ப சாதாரணம். ஆதியில் அவர் கையில் இருந்தது கோடாலி. அச்சுக்கட்டை செதுக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்ததில் கோடாலியின் தலை காணாமல் போய், காம்பு வாளாகிவிட்டது. மீசையையும் அப்படியே தொலைத்துவிட்டார்.

டாரட் அரசவை அப்படி இல்லை. ஒரே ஆள் உட்கார்ந்து வரைந்தது. யோசித்து வைத்தது என்று பார்த்தாலே தெரிகிறது. கோல் ராணியின் காலடியில் ஒரு கறுப்புப் பூனை நேராக நம்மையே பார்க்கிறது. காசு ராணியின் சீட்டில் கீழ் மூலையில் ஒரு முயல் குதிக்கிறது. வாள் ராணியின் மணிக்கட்டில் ஒரு குஞ்சம் தொங்குகிறது, அறுந்த கயிறு மாதிரி. கோப்பை ராணியின் கோப்பைக்கு மட்டும் மூடி போட்டிருக்கிறது. உள்ளே என்ன என்று அவளுக்குத்தான் தெரியும். காசு ராஜாவின் திராட்சை அங்கிக்கு அடியில் இரும்புக் கவசம் போட்ட கால் எட்டிப் பார்க்கிறது. பணக்காரராகிவிட்டார், போர்க்களம் இன்னும் மறக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வெயிட்டின் புத்தகத்தில் காளைத் தலையைப் பற்றி வருகிறது, கோப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிற மீனைப் பற்றி வருகிறது. பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முயலையும் காணோம். அப்படியானால் பூனையை யார் உள்ளே விட்டது?

வரைந்தவள் விட்டாள். பெயர் பமீலா கோல்மன் ஸ்மித். 1878-ல் லண்டனில் பிறந்து, ஜமைக்காவில் சில வருஷம் வளர்ந்து, நியூயார்க்கில் ஓவியம் படித்தவள். நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனவள். மேடைக்கும் உடைக்கும் டிசைன் போட்டவள். கையில் இருப்பதையும் காலடியில் கிடப்பதையும் வைத்தே ஆள் யார் என்று காட்டுவது நாடகக்காரர்களின் வித்தை. அந்த 16 பேரும் மேடையில் நிற்கிற மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பெரிய சீட்டுகளுக்குத்தான் வெயிட் நிறைய யோசனை சொன்னார், மற்ற 56-ஐ அவள் கையில் விட்டுவிட்டார் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

சில மாதத்தில் முடித்துக் கொடுத்தாள். 1909 நவம்பரில், நியூயார்க்கில் அவள் படங்களைக் கண்காட்சி வைத்த ஆல்ஃப்ரெட் ஸ்டீக்ளிட்ஸுக்கு ஒரு கடிதம் போட்டாள். பெரிய வேலை ஒன்றை முடித்தேன், கிடைத்த காசு ரொம்பச் சொற்பம் என்று அதில் ஒரு வரி. கட்டுக்கு 'ரைடர்-வெயிட்' என்று பெயர் விழுந்தது. வெளியிட்டவர் பெயர், யோசனை சொன்னவர் பெயர், அவ்வளவுதான். 1951-ல் கார்ன்வாலில் கடனோடு செத்துப்போனாள். இருந்த சாமான்களை ஏலம் போட்டார்கள். கட்டு இன்றைக்கும் உலகம் பூராவும் விற்கிறது. இப்போதுதான் பலரும் 'ரைடர்-வெயிட்-ஸ்மித்' என்று அவள் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

நண்பர் சாப்பாட்டு நேரம் முடிந்ததுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் முழுக்க அவர் எழுதுவதும், முதல் பக்கத்தில் மேனேஜர் பெயர் மட்டும் இருப்பதும் எங்கள் செக்‌ஷனுக்கே தெரிந்த கதை.

"ஒரு இடத்திலயும் பேர் போடலையா சார் அந்தம்மா?"

"போட்டிருக்காங்க. சீட்டோட கீழ் மூலையைப் பாருங்க."

பெரும்பாலான சீட்டுகளில் இருக்கிறது. பி, சி, எஸ் மூன்றையும் பின்னி, பாம்பு சுற்றிய குச்சி மாதிரி ஒரு சின்னக் கிறுக்கல். சாலமாண்டருக்கும் சூரியகாந்திக்கும் பக்கம் பக்கமாகப் பலன் எழுதியவர்கள் உண்டு. இதைப் புல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். நண்பர் பேனாவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டிலும் அந்த மூலையைத் தேடித் தொட்டுக்கொண்டிருந்தார். பல்லியை மறந்தே போனார்.

போன வாரம் அனுப்பிய ரிப்போர்ட்டில் கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், ரொம்பச் சின்ன எழுத்தில், 'தயாரித்தது' என்று தன் பெயரைச் சேர்த்துவிட்டாராம்.

மேனேஜர் இன்னும் கவனிக்கவில்லை.