பழைய பெல்லட் அடுப்பு வாங்குவோர் கவனத்திற்கு

மாற்றல் உத்தரவு பெற்ற குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் புறப்படுவதும், புதிதாய் வந்த குடும்பம் அவற்றை வாங்கிக் கொள்வதும் சித்தூர், பாகாலா, திருப்பதிப் பகுதிகளில் வாழும் நம்மவரிடையே வழக்கமே. அவ்வாறு பெல்லட் அடுப்பொன்று மலிவாக வந்தால் அதை வாங்கலாமா? ஆராய்ந்து வாங்கலாம்.

கடலைத்தோல், கரும்புச்சக்கை போன்ற வேளாண் கழிவுகளை அரைத்து, இயந்திரத்தில் அழுத்திச் செய்த சிறு குச்சிகளே பெல்லட். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரின் ஆராய்ச்சியால் உருவான 'ஊர்ஜா' என்னும் அடுப்பு 2006-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 4 லட்சம் அடுப்புகள் விற்பனையாயின. பின்னர்ப் பெல்லட் விலை ஏறவே, பழுதடையாத அடுப்புகளும் பல வீடுகளில் மூலைக்குப் போயின. ஆகவே, முதற்கண் பெல்லட் தங்கள் ஊரில் மாதந்தோறும் கிடைக்குமா, கிலோ என்ன விலை என்று விசாரித்தறிக. சித்தூர்ச் சீமையில் கடலைத்தோலுக்குப் பஞ்சமில்லை. எனினும் அழுத்தாத தோலை அப்படியே இட்டால் காற்றோட்டம் தடைப்பட்டுப் புகையே மிகும்.

பெல்லட் கிடைக்கும் எனத் தெரிந்தபின் அடுப்பைச் சோதிக்கலாம்.

முதலாவது, விசிறி. இவ்வடுப்பின் உயிர் அதுவே. பாட்டரியில் மின்னேற்றி, சிறிது நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். வேகம் தளர்ந்தால் பாட்டரிச் செலவையும் விலையோடு கூட்டிக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, தீக்கலம். உட்சுவரில் வெடிப்போ துருவோ உண்டா, காற்றுத் துளைகள் சாம்பலால் அடைபட்டுள்ளனவா என்று விளக்கொளியில் நோக்குக. அடித்தட்டு வளைந்திருத்தலாகாது.

மூன்றாவது, எரித்துப் பார்த்தல். நல்ல பெல்லட் நீரில் இட்டால் மூழ்கும். ஈரம் பட்டு உப்பியது உதவாது. திறந்த வெளியில் அடுப்பை நிரப்பி, மேற்புறத்தில் தீ மூட்டுங்கள். சில நிமிடங்களில் புகை அடங்கித் தீ சீராக எழ வேண்டும். புகை அடங்காவிடில் அவ்வடுப்பு வேண்டாம்.

வாங்கிய பின்னரும் ஓர் எச்சரிக்கை: சுடர் அணைந்தபின் கனலும் கங்கிலிருந்து நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு எழும், அது உயிரைக் குடிக்க வல்லது. ஒற்றை அறை வீடாயினும், மழைக்காலமாயினும், சன்னலைத் திறந்தே வையுங்கள். கங்கு முற்றும் ஆறும்வரை அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்.

விலை பேசுமுன், "இதில் கடைசியாக எப்போது சமைத்தீர்கள்? ஏன் நிறுத்தினீர்கள்?" என்று விற்பவரை மறவாது கேளுங்கள்.