சகிரிச்சோறு பிடிக்கும் உலோகம்

தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்தபின் உதிர்ந்து கிடக்கும் பழுப்புத் தூளைத் திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் சகிரிச்சோறு என்பார்கள். ஒரு பங்கு நாருக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு தூள் விழும். லேசில் மக்காது. இந்தத் தூள் கழிவுநீரிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் பிடித்து வைக்கும் என்று கேள்விப்பட்டால், கிள்ளியாறும் கரமனையாறும் படும் பாட்டைப் பார்ப்பவருக்கு, மூட்டை மூட்டையாக ஆற்றில் கொட்டலாமே என்று தோன்றும்.

பிடிக்கும் என்பது உண்மைதான். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் கதிர்வேலுவும் நமசிவாயமும் இதைக் கரியாக்கிக் காட்மியத்தைப் பிடிக்கவைத்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். நம் காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் அனிருதன் குழு, வேதிமுறையில் பதப்படுத்திய தூளால் நீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிரித்துக் காட்டியது.

தூளிலுள்ள லிக்னினிலும் செல்லுலோஸிலும் உலோக அயனிகள் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஈயமும் காட்மியமும் நேர்மின்னூட்டம் கொண்டவை. அங்கிருக்கும் ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நீரில் அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜனே இடத்தை விடாது. ஆறு இணைதிறன் குரோமியம் நேர்மாறு. அது எதிர்மின்னூட்டத்தோடு திரிவதால், நல்ல அமில நீரில்தான் நன்றாகப் பிடிபடும். எந்தப் பட்டறையின் நீர், அதில் எந்த உலோகம் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தர முடியாது என்பது இதனால்தான்.

ஆற்றில் கொட்டுவது வீண், கெடுதலும்கூட. பெருவெள்ளத்தில் உலோகம் நீர்த்துப் போயிருக்கும், தூளோ மிதந்து கடலுக்குப் போகும், அல்லது அடியில் படிந்து சாயமிறக்கி, நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். முலாம் பூசும் பட்டறையின் குழாய்வாயில்தான் இதற்கு இடம். அங்கே முதலில் சுண்ணாம்பு போட்டு ஈயம், காட்மியம் போன்றவற்றின் பெரும்பகுதியை வண்டலாக இறக்கிவிட வேண்டும். எஞ்சிய சொற்பத்தைத் தூள் நிரப்பிய குழலில் மெதுவாக வடிய விடலாம். இந்தச் சொற்பத்தை அலட்சியம் செய்யக்கூடாது: குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தரம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதற்குப் பிறகு நடப்பதுதான். உலோகம் அழிவதில்லை, நீரிலிருந்து தூளுக்கு இடம் மாறுகிறது. இடங்கள் நிரம்பியதும் தூள் வேலை செய்யாது. நீர்த்த அமிலத்தால் கழுவினால் உலோகம் செறிவாக வெளிவரும். தூளைச் சில தடவை மறுபடி பயன்படுத்தலாம். கழுவிய அமிலத்தை ஓடையில் விட்டால் செய்த வேலை அத்தனையும் பாழ். ராணிப்பேட்டையில், மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்ததை நாம் கண்டிருக்கிறோம்.

ஈயம் ஏறிய தூளும் மாடித்தோட்டத் தொட்டிக்கு வாங்கும் தூளும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே குழலிலிருந்து எடுத்ததை அன்றே மூட்டை கட்டி, உலோகத்தின் பெயரை எழுதி, கொச்சி அம்பலமேட்டிலுள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அந்த வண்டிச் செலவையும் சேர்த்துத்தான் இந்த முறை மலிவா என்று கணக்கிட வேண்டும்.