பீடத்தைத் துடைக்கலாம், பீடத்தருகே நிற்கலாகாதா?

திருப்பலியில் சிறுமியர் பீடப்பணி செய்யலாமா என்னும் வினா நம் பங்குகளில் இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. திருச்சபைத் தலைமை இதற்கு விடையளித்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் பல கோவில்களில் பீடச்சிறுவரின் அங்கிகள் இன்றும் சிறுவர்க்கு மட்டுமே உரியனவாக இருக்கின்றன. கேட்டால், "வழக்கம் அப்படி" என்கிறோம். அந்த வழக்கம் நற்செய்தியிலிருந்து பிறந்ததா, நம் ஊர்த் திண்ணையிலிருந்து பிறந்ததா என்று எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் அந்தச் சரிவுகளில் களையெடுப்பதும், கதிர் அறுப்பதும், உரலில் இட்டுக் குத்துவதும், அடுத்த பருவத்துக்கு விதை காப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைகளே. திருப்பலியில் அப்பத்தை உயர்த்தி ஒப்புக்கொடுக்கும்போது நிலத்தின் விளைச்சலுக்காகவும் மனித உழைப்புக்காகவும் இறைவனைப் போற்றுகிறோம். அந்த உழைப்பின் பெரும்பங்கைச் சுமக்கும் தாயின் மகள், அதே அப்பத்தைப் பீடத்துக்கு ஏந்திச் செல்லத் தகுதியற்றவள் என்றால், நம் மன்றாட்டுக்குப் பொருள்தான் என்ன?

மலையென்ன, சமவெளியென்ன, நம் கோவில்களின் நடைமுறையை உற்று நோக்குவோம். சனிக்கிழமை மாலையில் பீட முற்றத்தைப் பெருக்குவது யார்? பீடத்துணியை வெளுத்து விரிப்பது யார்? மலர் சூட்டி, குத்துவிளக்கைத் துலக்கி வைப்பது யார்? பெண்களும் சிறுமியருமே. துடைப்பத்தோடு பீடத்தின் படியேறும் சிறுமியை எவரும் தடுப்பதில்லை. மறுநாள் காலையில் தண்ணீர்க் குப்பியோடு அதே படியில் ஏறினால் மட்டும் பீடத்தின் புனிதம் கெட்டுவிடுமாம்! வேலைக்காரியாக வரலாம், பணியாளராக வரக்கூடாது என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் உண்டா?

எதிர்வாதம் செய்வோரின் கையில் வரலாறு இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. 494ஆம் ஆண்டில் திருத்தந்தை முதலாம் ஜெலாசியுஸ், பெண்கள் பீடத்தில் பணிபுரிவதைக் கண்டித்துத் தென் இத்தாலிய ஆயர்களுக்கு மடல் எழுதினார். 1755இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அத்தடையை மீண்டும் வலியுறுத்தினார். 1917ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு, ஆண் எவரும் இல்லாதபோது பெண் தொலைவிலிருந்து பதிலுரை கூறலாம், பீடத்தை நெருங்கக் கூடாது என்றது. 1980 வரையிலும் உரோமை ஆவணங்களில் இத்தடை நீடித்தது.

ஆனால், தடை விதித்த அதே அதிகாரமே அதை நீக்கவும் செய்தது. 1983இல் வெளிவந்த புதிய சட்டத்தொகுப்பின் 230ஆம் எண், சில வழிபாட்டுப் பணிகளைப் பொதுநிலையினர் அனைவர்க்கும் திறந்துவிட்டது. அவற்றுள் பீடப்பணியும் அடங்கும், அது ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது என்னும் விளக்கத்தைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் உறுதிசெய்தார். 1994 மார்ச் 15 அன்று அது ஆயர் பேரவைகளுக்கு அறிவிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் ஆவணமும் மறைமாவட்ட ஆயரின் முடிவுக்கு உட்பட்டு இதை ஏற்றது. 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அச்சட்டத்தையே திருத்தி, வாசகர், பீடத்துணைவர் என்னும் நிலையான பணிகளையும் பெண்களுக்குத் திறந்தார். எனவே, சிறுமியர் பீடப்பணியை எதிர்ப்போர் மரபின் காவலர் என்று தம்மை அழைத்துக்கொள்வது பொருந்தாது.

"இன்று பீடப்பணி, நாளை குருத்துவம்" என்று அஞ்சுவோர் உண்டு. அவர்கள் நாள்காட்டியைப் புரட்டட்டும். சிறுமியர்க்குப் பீடத்தைத் திறந்த அறிவிப்பு 1994 மார்ச்சில் வந்தது. பெண்களுக்குக் குருத்துவத் திருநிலைப்பாடு இல்லை என்னும் திருத்தூது மடல் அதே ஆண்டு மே 22இல் வந்தது. இரண்டும் ஒரே திருத்தந்தையின் காலத்தவை. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடும் என்று அவர் கருதவில்லையே! பீடப்பணி திருமுழுக்கிலிருந்து பிறப்பது. குருத்துவம் திருநிலைப்பாட்டிலிருந்து பிறப்பது.

"சிறுவர் விலகிவிடுவர், குருத்துவ அழைத்தல் குறையும்" என்பது அடுத்த அச்சம். பீடப்பணி அழைத்தலின் நாற்றங்கால் என்பது உண்மையே. சிறுவர் குழுக்கள் தொடர வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மடலும் கூறுகிறது. சிறுவரை அகற்றுங்கள் என்று நாமும் கேட்கவில்லை. ஆனால், அருகில் ஒரு சிறுமி மெழுகுதிரி ஏந்தி நிற்பதால் பணியை விட்டோடும் சிறுவன், நாளை எத்தகைய குருவாவான்? பெண்களும் நிறைந்த பங்கை எவ்வாறு மேய்ப்பான்? மேலும், நம் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் தாங்கி நிற்கும் அருள்சகோதரியரின் அழைத்தலுக்கு நாற்றங்கால் வேண்டாமா?

வாய்விட்டுச் சொல்லப்படாத காரணம் ஒன்று உண்டு. அதன் பெயர் தீட்டு. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண் தம் ஆடையைத் தொட்டபோது இயேசு விலகவில்லை; மகளே என்று அழைத்தார். அவர் ஒழித்ததை நாம் கோவிலுக்குள் மீண்டும் அழைத்து வருவது முறையா? தமிழகத் திருச்சபைக்கு இது புதிய பாடமும் அன்று. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவிலில் சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்த சுவர் இருந்தது. அன்றும் வழக்கம் என்றே வாதிட்டனர். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. கோவில் விழவில்லை.

கொல்லிமலைக்கே மீண்டும் வருவோம். அங்கு நற்செய்திப் பணியாற்றிய ஈவ்லின் பிராண்ட் அம்மையார் நம் சபையினர் அல்லர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். தொழுநோயாளர்க்குப் புதுவாழ்வளித்த மருத்துவர் பால் பிராண்டின் தாய். கணவர் ஜெஸ்ஸி 1929இல் நோயால் மறைந்தார். மலைக்குத் திரும்ப அவர் விரும்பியபோது, அவரை அனுப்பிய சங்கம் இசையவில்லை. ஓய்வு பெற்றபின் தாமாகவே மலையேறி, குதிரைமீது ஊர் ஊராகச் சென்று, 1974இல் இறக்கும்வரை பணிசெய்தார். பணிசெய்ய அழைக்கும் இறைவன், ஆணா பெண்ணா என்று கேட்டு அழைப்பதில்லை.

நாம் கோருவது என்ன? பீடப்பணி எவர்க்கும் உரிமையன்று, சிறுவர்க்கும் அன்று. ஆயரின் இசைவும் பங்குத்தந்தையின் முடிவும் வேண்டும் என்பதை ஏற்கிறோம். ஆயின், இசைவு கேட்பதற்கே நாம் தயங்குவானேன்? பங்குப் பேரவைகள் இதைப் பேசட்டும். ஆயரின் இசைவு உள்ள இடங்களில் பங்குத்தந்தையர் மறையுரையில் இதன் காரணத்தை மக்களுக்கு விளக்கட்டும். விளக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு மடலின் அறிவுரையும்கூட. சிறுவர், சிறுமியர் இருவர்க்கும் ஒரே பயிற்சி, ஒரே ஒழுங்கு, ஒரே அங்கி அமையட்டும். இந்திய ஆயர் பேரவை 2010இல் வெளியிட்ட பாலினக் கொள்கை ஏட்டில் உறங்காமல் பீடத்தில் நடமாடட்டும்.

கல்வாரிப் பலியே நம் பீடத்தில் நிகழ்கிறது என்று நம்புகிறோம். அந்த முதற்பலியின் அருகே நின்றவர் யார்? சீடருள் பலர் ஓடிவிட்டனர். அன்னை மரியாவும், அவருடைய சகோதரியும், குளோப்பாவின் மனைவி மரியாவும், மகதலா மரியாவும் நின்றனர். சிலுவையடியில் அவர்களுக்கு இடமளித்த ஆண்டவர், தம் பீடத்தடியில் நம் மகளிர்க்கு இடமில்லை என்பாரோ?