நீளமான ராடு போட்டால் வண்டி பறக்குமா?



போன தடவை இந்தப் பலகையில் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று எழுதினார்கள். நான் இந்த முறை இன்ஜினைப் பற்றி எழுதப் போறேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இன்ஜின் கதை?" என்று சிரிப்பவர்கள் முழுசாப் படிச்சிட்டுச் சிரிக்கவும்.

விஷயம் இதுதான். எங்க பெரியப்பா பையன், கூட்டாளிங்க மூணு பேரோட சேர்ந்து ஒரு பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கைப் பந்தயத்துக்குத் தயார் பண்றாங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கு. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதில் ஒரு தடவையாவது ஓட்டணும்னு அண்ணனுக்கு ஆசை. ஒரு லேத் பட்டறையில், "கனெக்டிங் ராடை 12 மில்லிமீட்டர் நீளமாக்கிப் போட்டா வண்டி பிச்சிக்கிட்டுப் போகும்" என்று சொல்லிட்டாங்க. செலவு 18,000 ரூபாய். அதுக்காகப் பெரியம்மா ரெண்டு ஆட்டை விற்கப் போறாங்க.

இது வேண்டாத செலவு மட்டும் இல்லை, ஆபத்தும் கூட என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கனெக்டிங் ராடு என்றால் என்ன? வீட்டில் கால் மிதி தையல் மெஷின் இருந்தால் போய்ப் பாருங்கள். மிதிப்பலகை மேலும் கீழும் ஆடும், சக்கரம் சுற்றும். ரெண்டையும் சேர்க்கிற கம்பி ஒன்று நடுவில் இருக்கும். இன்ஜினில் மிதிப்பலகை இடத்தில் பிஸ்டன், சக்கரத்துக்குப் பதில் கிராங்க். நடுவில் இருக்கிற கம்பிதான் கனெக்டிங் ராடு.

அண்ணன் பைக்கில் டர்போ கிடையாது. காற்றை அழுத்தி உள்ளே தள்ள ஆள் இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே நுழையணும். அதனால் பிஸ்டன் எப்படி இறங்குது, எவ்வளவு நேரம் உச்சியில் நிக்குது என்பது முக்கியம்தான். ராடு நீளம் அதை மாற்றும் என்பதும் உண்மைதான். அமெரிக்காவில் ஸ்மோக்கி யூனிக் என்ற பேர்பெற்ற பந்தய மெக்கானிக் இருந்தார். இடம் கொள்கிற அளவுக்கு நீளமான ராடு போடுங்கள் என்பதே அவருடைய கட்சி. ராடு நீளமானால் சாய்வு குறையும், பிஸ்டன் சிலிண்டர் சுவரை உரசுவது குறையும், உச்சியில் பிஸ்டன் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். பட்டறைக்காரர் சொல்வதும் அங்கிருந்து வந்த பேச்சுதான்.

ஆனால் எவ்வளவு மாறும்? இதைத்தான் யாரும் கேட்கலை. நான் கணக்கு நோட்டை எடுத்தேன்.

சுலபமாக இருக்க ஸ்ட்ரோக் 60 மி.மீ. என்று வைப்போம். அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம். அதில் பாதி 30, கிராங்கின் ஆரம். பழைய ராடு 96 மி.மீ., புது ராடு 108 மி.மீ. நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் பழசு 1.6, புதுசு 1.8. மெக்கானிக்குகள் 'ராடு ரேஷியோ' என்று சொல்வது இதைத்தான்.

கிராங்க் கால் சுற்று சுற்றி 90 டிகிரியில் நிற்கும்போது நமக்கு ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். ராடு கர்ணம், கிராங்க் ஒரு பக்கம். அப்புறம் என்ன, பிதாகரஸ்தான்!

பழைய ராடு: 96×96 – 30×30 = 8316. வர்க்கமூலம் 91.2. உச்சியில் இருந்தபோது 126. ஆக பிஸ்டன் இறங்கியது 34.8 மி.மீ.

புது ராடு: 108×108 – 30×30 = 10764. வர்க்கமூலம் 103.75. உச்சியில் 138. ஆக இறங்கியது 34.25 மி.மீ.

பார்த்தீங்களா? ராடு 12 மி.மீ. நீண்டது. பிஸ்டன் நிற்கும் இடம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் மாறியது. இந்த அரை மில்லிமீட்டருக்கா ரெண்டு ஆடு?

நேர்மையாகச் சொல்லணும், லாபமே இல்லாமல் இல்லை. ராடின் அதிகபட்சச் சாய்வு 18.2 டிகிரியிலிருந்து 16.1 டிகிரிக்குக் குறையும். அந்த இடத்தில் பிஸ்டன் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை நூற்றுக்கு 12 குறையும். தேய்மானத்துக்கு அது நல்லது. நிமிடத்துக்கு 10,000 சுற்று வேகத்தில், பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல சுமார் 4,400 மடங்கு. புது ராடில் சுமார் 4,300 மடங்கு. நூற்றுக்கு 3 கூடக் குறையவில்லை. இன்னொரு பக்கம், உச்சியிலிருந்து பிஸ்டன் மெதுவாகக் கிளம்புவதால், ஆரம்பத்தில் காற்றை இழுக்கும் இழுப்பும் கொஞ்சம் குறையும். ஒரு கை கொடுக்குது, ஒரு கை வாங்குது.

பெரிய கம்பெனி என்ன செய்தது என்றும் பார்ப்போம். ஜப்பானில் ஹோண்டா டர்போ இல்லாத ரெண்டு இன்ஜின் செய்தது. 1995-இல் வந்த இன்டெக்ரா டைப் ஆர்: 1797 சிசி, ஸ்ட்ரோக் 87.2, ராடு 137.9, ரேஷியோ 1.58. 1997-இல் வந்த சிவிக் டைப் ஆர்: 1595 சிசி, ஸ்ட்ரோக் 77.4, ராடு 142.4, ரேஷியோ 1.84. முதலாவது 8,000 சுற்றில் 200 குதிரைத்திறன். அடுத்தது 8,200 சுற்றில் 185. ஒரு லிட்டருக்கு என்று வகுத்தால் 111-ம் 116-ம். ரேஷியோவில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும், சக்தியில் இவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் கேம், ஹெட் வேலைப்பாடு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ராடு மட்டும் ஜெயிக்க வைத்தது என்று சொல்லவே முடியாது.

சரி, அந்த 12 மி.மீ. எங்கே போய் உட்காரும்? இதுதான் என் அடுத்த கேள்வி. கிராங்கின் நடுவிலிருந்து சிலிண்டர் மேல்விளிம்பு வரை 150 மி.மீ. என்றால், கிராங்க் 30, ராடு 96 போக 24 மிச்சம். அந்த 24-க்குள்தான் பிஸ்டன் பின்னின் நடுவுக்கு மேலே ரிங்குகள் எல்லாம் இருக்கணும். ராடு 108 ஆனால் மிச்சம் 12. அதில் பின்னுக்கும் ரிங்குக்கும் இடம் எப்படிப் போதும்? இல்லாவிட்டால் சிலிண்டருக்கு அடியில் 12 மி.மீ. தகடு வைத்து உயர்த்தணும். அப்போ கேம் செயின் எட்டாது. ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொடணும்.

எல்லாவற்றையும் விடப் பயம் ஒன்று இருக்கு. பந்தய ராடு என்பது நல்ல எஃகைச் சூடாக்கி அடித்து உருவாக்குவது. பழைய ராடை வெட்டி நடுவில் ஒட்டு வைத்து வெல்டிங் பண்ணினால், விசை வரும்போது முதலில் விடுவது அந்த ஒட்டுதான். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ராடு முறிந்தால் கிராங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஆயில் பின் சக்கரத்தில் கொட்டும். அப்போது வண்டி மேலே உட்கார்ந்திருப்பது பட்டறைக்காரர் இல்லை, எங்க அண்ணன்.

அப்படியானால் ராடு நீளத்தை எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? என் கருத்துப்படி ராடு கடைசியில் வரணும். முதலில் பந்தய விதியைப் படிக்கணும். ஒரே மாதிரி வண்டியைக் கம்பெனியே கொடுத்து ஓட்டவிடும் பந்தயங்களில் ராடைத் தொடவே முடியாது. அடுத்து, எத்தனை சுற்றில் ஓடப்போகுது என்று பார்த்து ஸ்ட்ரோக்கை முடிவு செய்யணும். நம்ம ஊர் சுந்தரர் போன திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் 350-க்கு போர் 70, ஸ்ட்ரோக் 90. ஓசூர் டி.வி.எஸ். செய்யும் அப்பாச்சி ஆர்.ஆர். 310-க்கு போர் 80, ஸ்ட்ரோக் 62.1. புல்லட் நிதானமாக இழுக்கும். அப்பாச்சி 9,700 சுற்று வரை பாடும். அப்போதும் அதன் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 20 மீட்டர்தான். புல்லட்டை அதே சுற்றில் ஓட்டினால் 29 மீட்டர் ஆகிவிடும், தாங்காது. அதன்பிறகு பிளாக் உயரம், பிறகு உறுதியான சின்ன பிஸ்டன். மிச்சமிருக்கும் இடத்துக்கு எது பொருந்துதோ அதுதான் ராடு. 1.6-க்கும் 1.8-க்கும் நடுவில் வந்தால் கவலையே வேண்டாம். விரலுக்கேத்த வீக்கம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

இன்னொன்றும் சொல்லணும். கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார் செய்தார். சாதாரண வீட்டுக் கார் இன்ஜின்! அதில் ஓட்டிப் பழகியவர்தான் நாராயண் கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். முதலில் பழக வேண்டியது ஓட்டுவதற்கு. அந்த 18,000-த்தில் நல்ல ஹெல்மெட், நல்ல டயர் வாங்கி, மிச்சத்தில் தடத்தில் நாலு நாள் பயிற்சி எடுக்கலாமே?

இதை அண்ணனிடம் சொன்னபோது, "நீ போய்க் கோலம் போடு பாப்பா" என்றது. நான் கோலம் போடலை, நோட்டைக் கொடுத்தேன். ராத்திரி முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் நோட்டையும் எடுத்துக்கிட்டு உளுந்தூர்பேட்டைக்குப் போச்சு. 'அந்த 12 மில்லிமீட்டர் எங்கே உட்காரும்?' என்ற கேள்விக்குப் பட்டறையில் இன்னும் பதில் வரலையாம்.

நண்பர்களே, பைக்காக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், காசு கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு மாறும்? எங்கே பொருந்தும்? உடைந்தால் யாருக்கு அடிபடும்? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் காசு கொடுங்கள். நாம் படிக்கிற கணக்கு பரீட்சைப் பேப்பரோடு முடிந்துவிடக் கூடாது.

பெரியம்மா வீட்டு ஆடு ரெண்டும் இன்னும் கொட்டகையில்தான் இருக்கு.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
திருநாவலூர்.