இரண்டாம் முயற்சிக்கும் அரசு கைகொடுக்கட்டும்

புதுச்சேரி தட்டாஞ்சாவடிக்கு ஒரு பக்கம் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரி. இன்னொரு பக்கம் கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டுமே சைக்கிளில் போய்வரும் தூரம். தொழிற்பேட்டையில் ஷிஃப்டு வேலை பார்ப்பவர்களும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குபவர்களும் உடம்புக்கு முடியாவிட்டால் அங்கேதான் ஓடுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான், ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 10 சதவீத உள்ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. 2020-இல் அமைச்சரவை எடுத்த முடிவு, துணைநிலை ஆளுநர் மாளிகைக்கும் டெல்லிக்குமாக அலைந்து 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் பாடுபட்ட அனைவரையும் பாராட்ட வேண்டும்.

ஆனால் அந்த ஒதுக்கீட்டின் பலன் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் தேறியவர்களுக்குத்தான். முதல் முறை சறுக்கிய பிள்ளையை அரசு அதோடு கைகழுவிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாளே அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கும் மாணவர் இல்லை, எந்த ஆசிரியருக்கும் பொறுப்பு இல்லை. இது சரியல்ல. ஏறியும் இறங்கியும் வந்த மதிப்பெண்ணோடு மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு, இரண்டாம் முயற்சிக்கான ஓராண்டுச் செலவையும் பயிற்சியையும் புதுச்சேரி அரசே ஏற்க வேண்டும்.

மதிப்பெண் ஏன் ஏறி இறங்குகிறது? எல்லாவற்றையும் பிள்ளையின் தலையில் கட்டிவிட முடியாது. 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறின. அந்த ஆண்டு பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள், சில வாரங்களுக்கு முன்புதான் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தார்கள். புதிய பாடநூல், புதிய கேள்வி முறை, பழக்கமில்லாத மதிப்பீடு என எல்லாம் ஒரே கோடை விடுமுறையில் மாறிப்போயின. மாற்றம் வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். பத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி பதினொன்றில் இயற்பியலில் தடுமாறி, பன்னிரண்டில் மறுபடி எழுந்து நின்றால், அந்தத் தடுமாற்றத்தில் அரசின் முடிவுக்கும் பங்கு உண்டு. பங்கு உண்டு என்றால் பொறுப்பும் உண்டு.

சட்டம் இந்தப் பிள்ளைகளுக்குக் கதவை அடைக்கவில்லை என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.பி.பி.எஸ். தரவரிசையை முடிவு செய்வது நீட் மதிப்பெண் மட்டுமே. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதமும், எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி பிரிவினருக்கு 40 சதவீதமும் இருந்தால் போதும். நீட் எழுதுவதற்கான உச்ச வயது வரம்பை 2022 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர் பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் தகுதி உண்டு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. உரிய அறிவியல் பாடங்களுடன் பி.எஸ்சி. படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். “பிளஸ் டூ மார்க் போச்சு, இனி டாக்டர் கனவெல்லாம் வேண்டாம்” என்று வீட்டிலும் தெருவிலும் சொல்லப்படும் தீர்ப்பு சட்டத்தில் எங்குமே இல்லை.

கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அதன் வழியே நுழையப் பணம் வேண்டும். நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு தமிழ்நாட்டில் நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்து 2021-இல் தந்த அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது. மருத்துவ இடத்துக்கு மறுமுறை முயன்றவர்களின் பங்கு, நீட்டுக்கு முந்தைய 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42 சதவீதம். மருத்துவ இடத்துக்கு இரண்டாம் முயற்சி என்பதே இன்று வழக்கமாகிவிட்டது. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடிந்த குடும்பம் இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்கிறது. முடியாத குடும்பம் முதல் முயற்சியோடு ஆசையை மூட்டை கட்டிவிடுகிறது.

தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒருவரின் மகளை எண்ணிப் பாருங்கள். நீட்டில் தேர்ச்சி மதிப்பெண்ணை எட்டியும் இடம் கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் தாகூர் கலைக் கல்லூரிக்கோ பாரதிதாசன் மகளிர் கல்லூரிக்கோ போய்விட்டார்கள். வீட்டில் இருக்கும் பெண்ணை “சும்மாதானே இருக்கிறாய்” என்று ஜவுளிக்கடை வேலைக்கு அனுப்புகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்து உட்கார்ந்து 180 நிமிடத்தில் 180 கேள்விகளுக்குப் பழக வேண்டும். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று கழியும். இயற்பியலில் பத்துக் கேள்விக்குத் துணிந்து குறித்து, நான்கு சரியாகி ஆறு தவறினால் கையில் நிற்பது பத்தே மதிப்பெண். எதைத் தொடுவது, எதை விடுவது என்பதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தால்தான் வரும். அந்தப் பெண்ணுக்குக் குறைவாக இருப்பது அந்த ஒருவரும், அந்த ஓராண்டு நேரமும்தான்.

“தகுதி குறைந்தவர்களைத் தூக்கிவிடுவதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மதிப்பெண்கூட நாம் சலுகையாகக் கேட்கவில்லை. அதே நீட், அதே எம்.பி.பி.எஸ். தேர்வுகள். லண்டன் கிங்ஸ் கல்லூரி 2001 முதல், அரசுப் பள்ளிகளிலிருந்து வழக்கமான மதிப்பெண் இல்லாத மாணவர்களையும் மருத்துவப் படிப்பில் சேர்த்து, தொடக்கப் பாடத்தை மட்டும் கூடுதல் ஓராண்டுக்கு விரித்து நடத்துகிறது. பிறகு அவர்களும் மற்றவர்கள் எழுதும் அதே தேர்வுகளையே எழுதுகிறார்கள். அமெரிக்காவில் பட்டம் முடித்த பிறகே மருத்துவம். அங்கே முதலாண்டில் சறுக்கிப் பின்னர் ஏறியவரின் ஏற்றத்தைக் கல்லூரிகள் கவனித்துப் பார்க்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, மாணவரின் குடும்பப் பின்னணியையும் அளவிட்டே பரிசீலிக்கிறது. நம் நாட்டிலோ 2023 செப்டம்பரில், காலி இடங்களை நிரப்ப முதுநிலை நீட் கட்-ஆஃப் பர்சன்டைலையே பூஜ்ஜியமாக்கினார்கள். அதை ஏற்றுக்கொண்டவர்கள், ஏழைப் பிள்ளைக்கு ஓராண்டுப் பயிற்சி தருவதால் தகுதி கெட்டுவிடும் என்று சொல்வது நியாயமா?

நீட்டே வேண்டாம் என்பவர்களின் வாதம் வலுவானது. ஆனால் தமிழ்நாடு நிறைவேற்றிய விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்ற செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. அந்தப் போராட்டம் தொடரட்டும். இந்த ஆண்டு பதினெட்டு வயதாகும் பிள்ளை அது முடியும்வரை காத்திருக்க முடியாது.

மறுமுயற்சி பிள்ளைகள் மனத்தை வதைக்கும் என்ற கவலையை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்வுத் தோல்வி தாங்காமல் பிள்ளைகளைப் பறிகொடுத்த மண் இது. அதனால்தான் தனியாக ஓர் அறையில் கிடந்து படிக்கும் நிலையை மாற்றி, ஆசிரியரும் தோழர்களும் மனநல ஆலோசகரும் சூழ்ந்த இடத்தில் படிக்க வைக்க வேண்டும் என்கிறோம். அரசு உதவியும் ஓராண்டுக்கு என்று வரையறுக்கப்பட வேண்டும். அதன் பிறகும் இடம் கிடைக்காதவர்களுக்கு நர்சிங், பார்மசி, துணை மருத்துவப் படிப்புகளின் வழியை அந்த ஆண்டுக்குள்ளேயே சொல்லிக்கொடுத்து, விண்ணப்பமும் போட வைக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. நீட் முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் தட்டாஞ்சாவடியில் அரசுக் கட்டடம் ஒன்றில் மறுமுயற்சி வகுப்பைத் தொடங்கலாம். காரைக்காலில் இன்னொன்று, மாஹே, ஏனாம் பிள்ளைகளுக்கு விடுதி. சேருபவர்களை நீட் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பொறுக்காமல், பத்து முதல் பன்னிரண்டு வரை எங்கே இறங்கினார்கள், ஏன் இறங்கினார்கள், எப்படி ஏறினார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடை வேலைக்குப் போனால் கிடைக்கும் சம்பளத்தை ஈடுகட்டும் அளவுக்கு மாத உதவித்தொகை வேண்டும். அது இல்லாவிட்டால் வகுப்பறை பாதியில் காலியாகிவிடும். ஜிப்மர், இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வார இறுதியில் வந்து பாடம் சொல்லித் தர ஏற்பாடு செய்யலாம். மாணவர் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வு நாட்களில், விண்ணப்பமும் சான்றிதழும் சரிபார்க்க ஓர் அலுவலர் அங்கேயே உட்கார வேண்டும்.

புதுச்சேரி சிறிய ஊர். இப்படி உதவி தேவைப்படும் பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார் என்பதைக் கல்வித்துறை பள்ளிவாரியாகச் சில நாட்களில் கணக்கெடுத்துவிடலாம். முதலமைச்சர் ரங்கசாமி தட்டாஞ்சாவடி மக்களின் வாக்கால் பலமுறை சட்டமன்றம் சென்றவர். 10 சதவீத ஒதுக்கீட்டை நிறைவேற்றிக் காட்டியதும் அவரது அரசுதான். இந்தக் கோரிக்கையைத் தட்டாஞ்சாவடியிலிருந்தே தொடங்கி அரசு செயல்படுத்த வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதற்கான நிதியை ஒதுக்க வேண்டும்.